நல்ல எஞ்சின் படம் எது? ரயில் ஆர்வலர்களின் நெடுங்கால வாதம்

ரயில் எஞ்சினைப் படம் எடுப்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். எஞ்சினின் முகம், பக்கவாட்டு, சக்கரங்கள், எண் ஆகியவை பளிச்சென்று தெரிய வேண்டும், பின்னால் வரும் பெட்டிகளும் கடைசிவரை படத்துக்குள் அடங்க வேண்டும் என்பது ஓர் அணியின் கட்சி. எஞ்சின் ஓடும் நிலம், அன்றைய வானிலை, அதோடு வாழும் மனிதர்கள் ஆகியவை படத்தில் இருக்க வேண்டும், அதற்காக எஞ்சின் மூலையில் சிறிதாகத் தெரிந்தாலும் குறையில்லை என்பது மற்ற அணியின் கட்சி. முதல் வகையை ஆவணப் படம் என்றும் இரண்டாம் வகையைக் காட்சிப் படம் என்றும் சொல்லலாம். பெண் பார்க்க வருவதற்கு முன் அனுப்பும் படத்துக்கும் கல்யாண மண்டபத்தில் எடுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு இது. முகம் ஒன்றுதான், ஆனால் படம் எடுக்கும் நோக்கம் வேறு.

இந்த வாதம் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், இந்தியா என்று பல நாடுகளில் தொடர்கிறது. இதில் அடிபடும் விதிகள் பலவும் வெறும் ரசனையிலிருந்து பிறந்தவை அல்ல. ஒரு காலத்துக் கேமராவின் குறைபாடோ ஒரு தொழிலின் தேவையோ அவற்றுக்குக் காரணமாக இருந்தது. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால், எந்த விதிக்கு இன்றும் உயிர் இருக்கிறது, எது பழக்கத்தால் மட்டும் தொடர்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

தொழிற்சாலை வாசலில் தொடக்கம்

எஞ்சின் படத்தை முதலில் முறைப்படுத்தியவர்கள் எஞ்சினைச் செய்தவர்கள். மான்செஸ்டரில் இருந்த பேயர் பீக்காக் நிறுவனம் 1850-களிலேயே தன் எஞ்சின்களைப் படம் எடுத்து வைக்கத் தொடங்கியது. புதிய எஞ்சின் தொழிற்சாலையை விட்டுப் போவதற்கு முன், அதன் வடிவத்தையும் பாகங்களையும் காட்டும் படம் ஒன்று தேவைப்பட்டது. அடுத்த வாடிக்கையாளரிடம் காட்டவும், பின்னாளில் பொறியாளர்கள் எடுத்துப் பார்க்கவும் அது பயன்பட்டது.

அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகளுக்குச் சிவப்பு நிறத்தை உணரும் திறன் இல்லை. சிவப்பு எஞ்சின் படத்தில் கறுப்பாக விழுந்தது. கறுப்பு எஞ்சினிலோ நுணுக்கங்கள் இருளில் மறைந்தன. அதனால் படத்துக்காகவே எஞ்சினுக்குத் தற்காலிகமாகச் சாம்பல் நிறம் பூசினார்கள். படம் எடுக்கும் பக்கத்துக்கு மட்டும் பூசியதும் உண்டு. பின்புலத்தில் தெரியும் கட்டடங்களை நெகட்டிவிலேயே மறைத்து, எஞ்சின் மட்டும் வெள்ளையில் நிற்பதுபோலச் செய்தார்கள். ஆணி ஆணியாக எண்ணிப் பார்க்கக்கூடிய படம் என்ற அளவுகோல் இங்கே பிறந்தது. ஆனால் அந்த எஞ்சின் அப்படிச் சாம்பல் நிறத்தில் ஒரு நாளும் ஓடவில்லை. ஆவணப் படமும் ஒப்பனையோடுதான் தொடங்கியது என்பதைப் பிந்தைய வாதங்களில் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

முக்கால் கோணம்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆர்வலர்கள் தண்டவாள ஓரத்துக்கு வந்தார்கள். ஓடும் ரயிலைப் படம் பிடிப்பதுதான் அவர்களுடைய குறி. பிரிட்டனில் ரெடிங் நகரைச் சேர்ந்த மாரிஸ் எர்லி, அருகிலுள்ள சானிங் என்ற இடத்தில், மேட்டை வெட்டி அமைத்த ரயில் பாதையில் எடுத்த விரைவு ரயில் படங்களால் புகழ்பெற்றார். எச். சி. காசர்லி இன்னொரு வழியில் சென்றார். பழைய எஞ்சின் வகைகள் அழிவதற்குள் அவற்றையெல்லாம் படத்தில் பதிவுசெய்வதையே பணியாகக் கொண்டார். அமெரிக்காவில் நியூயார்க் செய்தித்தாள் ஒன்றின் பத்தி எழுத்தாளரான லூசியஸ் பீபி, 1938-இல் 'ஹை அயர்ன்' என்ற ரயில் பட நூலை வெளியிட்டு, இந்தப் பொழுதுபோக்குக்கு நூலகங்களில் இடம் தேடித் தந்தார்.

இவர்கள் காலத்தில் நிலைபெற்றதுதான் முக்கால் கோணம். தண்டவாளத்துக்குச் சற்றுப் பக்கத்தில் நின்று, எதிரே வரும் எஞ்சினின் முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும்படி எடுப்பது. எஞ்சின் முன்னால் பெரிதாகவும் பெட்டிகள் பின்னால் குறுகிக்கொண்டும் போகும்.

இந்தக் கோணத்துக்குக் கணக்கு ஒன்றும் துணைநின்றது. மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் ரயில் ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் ஒரு விநாடியில் 250-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் ரயில் 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நேர் பக்கவாட்டில் நின்று எடுத்தால் அந்த 11 சென்டிமீட்டரும் படத்தில் கலங்கலாக விழும். ரயிலின் பாதைக்கு 20 டிகிரி கோணத்தில் நின்றால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குறுக்கு நகர்வாகத் தெரியும். மெதுவான ஷட்டர் வைத்திருந்தவர்களுக்குக் கூர்மையான படம் கிடைக்க இதைவிட நல்ல வழி இருக்கவில்லை.

சக்கரங்களை இணைக்கும் தண்டு கீழே இருக்கும் கணத்தில் எடுப்பது இன்னொரு விதி. அப்போது சக்கரங்களின் நடுப்பகுதியும் ஆரங்களும் மறைபடாமல் தெரியும். நின்றிருக்கும் எஞ்சினில் இது எளிது. இரண்டு மீட்டர் விட்டமுள்ள சக்கரங்களோடு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் எஞ்சினில், தண்டு விநாடிக்கு நான்கு முறைக்கு மேல் கீழே வந்து போகும். அந்தக் கணத்தைப் பிடிப்பதில் கைப்பழக்கத்துக்கும் பங்கு உண்டு, அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. சக்கரத்தின் உச்சி ரயிலைப்போல இரு மடங்கு வேகத்தில் நகர்வதால், எஞ்சின் கூர்மையாக விழுந்த படத்திலும் சக்கரத்தின் மேல்பகுதி கலங்கியிருக்கும். தேர்ந்த கண் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

கேமராவே எஞ்சினைக் கோணலாக்கியதும் உண்டு. பழைய பெரிய கேமராக்கள் சிலவற்றில் ஷட்டர் என்பது தகட்டின் குறுக்கே நகரும் ஒரு பிளவு. படத்தின் ஒரு பகுதி முதலிலும் மறு பகுதி சற்றுப் பின்னாலும் பதிவாகும். அதற்குள் ரயில் நகர்ந்துவிடுவதால் எஞ்சின் சாய்ந்தும் சக்கரம் நீள்வட்டமாகவும் தெரியும். இன்றைய கைப்பேசிக் கேமரா படத்தை வரி வரியாகப் பதிவு செய்வதால் அதே குறை மீண்டும் வந்திருக்கிறது. வேகமான ரயிலை அருகில் நின்று கைப்பேசியில் எடுத்தால் பெட்டிகள் சாய்ந்து தெரிவது இதனால்தான்.

வெயில் விதி

முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்க வேண்டும், எஞ்சினின் முகத்திலும் பக்கத்திலும் வெளிச்சம் சமமாக விழ வேண்டும் என்பது ஆர்வலர்களிடம் மிகவும் வலுவாக நிலைத்த விதி. வண்ண ஃபிலிம் அதை இன்னும் இறுக்கியது. கோடக் நிறுவனத்தின் கோடக்ரோம் 1936-இல் 35 மில்லிமீட்டர் அளவில் வந்தபோது அதன் ஒளி உணர்திறன் 10 அளவில்தான் இருந்தது. முழு வெயிலில் லென்ஸின் துளையை நான்காம் எண்ணுக்குத் திறந்தாலும் விநாடியில் 160-இல் ஒரு பங்கு வேகம்தான் கிட்டும். அதற்குள் விரைவு ரயில் 17 சென்டிமீட்டர் ஓடிவிடும். மேகம் மறைத்தால் ஓடும் ரயிலைப் படம் எடுப்பதற்கே வழியில்லை. 1961-இல் வந்த அடுத்த வகையின் உணர்திறன் 25. அதற்கும் நல்ல வெயில் தேவைப்பட்டது. அப்படித் தேவையாகத் தொடங்கியது நாளடைவில் அழகின் இலக்கணமாகிவிட்டது.

அந்த ஃபிலிமின் மேல் ரயில் ஆர்வலர்களுக்கு இருந்த பற்றுக்கு ஒரு சான்று உண்டு. கோடக்ரோமைக் கழுவிக்கொடுத்த உலகின் கடைசிக் கூடம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருந்தது. 2010 டிசம்பரில் அந்தப் பணி நின்றபோது, கடைசி வாடிக்கையாளர்களில் ஒரு ரயில்வே ஊழியர் 1,580 சுருள்களைக் கழுவி வாங்கிப் போனார். அவற்றில் இருந்த ஏறத்தாழ 50,000 படங்களும் ரயில் படங்கள்.

புகை எழுப்பிய விவாதம்

நீராவி எஞ்சின் படத்தில் புகை இருக்க வேண்டுமா என்பது தனி வாதம். தலைக்கு மேல் திரண்டெழும் கரும்புகை படத்துக்கு வலிமை தருகிறது என்பார்கள் படம் எடுப்பவர்கள். எஞ்சினில் வேலை பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அடர்ந்த கரும்புகை என்றால் நிலக்கரி சரியாக எரியவில்லை, எரிபொருள் வீணாகிறது என்று பொருள். திறமையான ஃபயர்மேன் நெருப்பை ஒழுங்காக வைத்திருந்தால் புகைபோக்கியில் மெல்லிய சாம்பல் நிறம்தான் தெரியும். வெண்மையாக எழுவது புகையே அல்ல, குளிர்ந்து துளிகளாகும் நீராவி. குளிர்காலக் காலைகளில் அது அடர்த்தியாகத் தெரியும். கோடை நண்பகலில் காற்றில் கரைந்து மறைந்துவிடும்.

ஆக, படத்தில் தெரியும் புகை எஞ்சினின் உழைப்பைக் காட்டுகிறதா, படத்துக்காக எழுப்பப்பட்டதா என்ற கேள்வி எழுகிறது. லிவர்பூலின் எட்ஜ் ஹில் பகுதியில் பாதிரியாராக இருந்து பின்னாளில் வேக்ஃபீல்டு ஆயராக உயர்ந்த எரிக் டிரீசி, ரயில் பணியாளர்களோடு நெருங்கிப் பழகியவர். ஏற்றத்தில் திணறி வரும் எஞ்சினைப் படம் பிடிப்பதில் அவருக்கு இணையானவர்கள் குறைவு. ஏற்றத்தில் எழும் புகைக்கு எஞ்சினின் உழைப்பே காரணம் என்பதால் அத்தகைய படங்களில் நாடகமும் உண்மையும் ஒன்றாக நிற்கின்றன. டிரீசி 1978-இல் ஆப்பிள்பி ரயில் நிலையத்தில், நீராவி எஞ்சின் இழுத்து வரும் சிறப்பு ரயிலுக்காகக் காத்திருந்தபோது இறந்தார்.

விதியைத் தாண்டியவர்கள்

முக்கால் கோணத்துக்கு வெளியிலும் எஞ்சின் படம் உண்டு என்பதை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1902-இலேயே காட்டியிருந்தார். நியூயார்க்கின் ஒரு ரயில் முற்றத்தில் அவர் எடுத்த 'மனிதனின் கை' என்ற படத்தில் எஞ்சினின் எண்ணையோ வகையையோ தேட முடியாது. எதிர்வெளிச்சத்தில் மின்னும் தண்டவாளங்களும் கரும்புகையும்தான் படம். அது கலைக்கூடங்களின் உலகம். ஆர்வலர் உலகம் அந்தப் பக்கம் திரும்ப இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

திருப்பியவர்களில் முதன்மையானவர் ஓ. வின்ஸ்டன் லிங்க். சிவில் எஞ்சினியரிங் படித்து, விளம்பரப் படத் தொழிலில் இருந்தவர். அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் பாதையில் நீராவி எஞ்சின்களின் கடைசி ஆண்டுகளை, 1955 முதல் 1960 வரை, பெரும்பாலும் இரவில் படம் எடுத்தார். சூரியனை இடம் மாற்ற முடியாது, விளக்கை மாற்றலாம் என்பதே அவர் வழி. பல ஃபிளாஷ் பல்புகளைக் கம்பியால் இணைத்து, ரயில் வரும் கணத்தில் ஒன்றாக எரியவைத்தார். இருட்டில் வெண்ணிற நீராவி சுவர்போல எழுந்து நின்றது. அருகே நீச்சலடிக்கும் பிள்ளைகள், பெட்ரோல் நிலையத்தில் நிற்கும் கார், வீட்டுக்குள் அமர்ந்திருக்கும் குடும்பம். எஞ்சின் ஒரு ஊரின் வாழ்க்கையோடு சேர்ந்து படத்துக்குள் வந்தது.

பிரிட்டனில் கொலின் கிஃபர்டு 1965-இல் வெளியிட்ட 'டிக்லைன் ஆஃப் ஸ்டீம்' நூல் அதே வேலையை வேறு விதமாகச் செய்தது. மழை, மூடுபனி, ஆலைச் சுவர்கள், தொழிலாளர் தெருக்கள் ஆகியவற்றுக்கு நடுவே எஞ்சின் நிழலுருவாகக் கடந்து போகும். எண் தெரியாத படத்தால் என்ன பயன் என்று கேட்டவர்களும் இருந்தார்கள், இப்படியும் எடுக்கலாமா என்று வியந்து பின்பற்றிய இளைஞர்களும் இருந்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1968 ஆகஸ்டில், பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதான பாதைகளில் நீராவி ஓட்டம் முடிந்தது. அந்த எஞ்சின்கள் எந்த உலகத்தில் ஓடின என்று இன்று அறிய விரும்புகிறவருக்கு கிஃபர்டின் படங்களும் ஆவணங்கள்தான்.

டீசல் எஞ்சின்கள் வந்ததும் பலர் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். புகையும் இல்லை, சுழலும் தண்டும் இல்லை, படத்தில் என்ன இருக்கப்போகிறது என்பது அவர்கள் எண்ணம். 1953 முதல் 1987 வரை அமெரிக்காவின் 'டிரெயின்ஸ்' இதழின் ஆசிரியராக இருந்த டேவிட் பி. மார்கன், புதிய பார்வை கொண்ட படங்களுக்கு இடம் கொடுத்தார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்டு ஸ்டைன்ஹைமர் பனி கொட்டும் மலைப் பாதைகளிலும் இரவிலும், ரயிலுக்கு இணையாக ஓடும் காரிலிருந்தும் டீசல், மின்சார எஞ்சின்களை எடுத்தார். எஞ்சின் பெட்டிபோல இருந்தாலும் வேலை கடினமானது, அந்த வேலையைப் படம் எடுக்கலாம் என்பதை அவர் நிறுவினார்.

ஜப்பானின் கண்டிப்பு

ஆவணப் படத்தை மிக நுட்பமாக வளர்த்த நாடு ஜப்பான். ரயிலின் முகம் முதல் கடைசிப் பெட்டி வரை முழுத் தொடரும் படத்துக்குள் வர வேண்டும். மின்கம்பம் முகத்தை வெட்டக் கூடாது. மேற்கூரையில் மின்கம்பியைத் தொடும் பாண்டோகிராஃப் துண்டாகக் கூடாது. சக்கரப் பகுதியைப் புல் மறைக்கக் கூடாது. முகத்திலும் பக்கத்திலும் வெயில் விழ வேண்டும். மின்விளக்குப் புள்ளிகளால் ஆன ஊர்ப்பெயர்ப் பலகை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிவதால், ஷட்டர் வேகம் மிகுந்தால் எழுத்து துண்டு துண்டாக விழும். ரயில் கலங்காமலும் எழுத்து உடையாமலும் இருக்கும் வேகத்தைத் தேர்ந்தெடுப்பது அங்கே ஒரு தனிக் கலை.

இந்தக் கண்டிப்புக்கு இருண்ட பக்கமும் உண்டு. ஒரே சரியான படம், அதை எடுக்க ஒரே சரியான இடம் என்று ஆகும்போது அந்த இடத்துக்குக் கூட்டம் நெருக்கியடிக்கிறது. 2010-இல் ஒசாகா அருகே கன்சாய் பாதையில், சிறப்பு ரயிலைப் படம் எடுக்கத் தண்டவாளப் பகுதிக்குள் நுழைந்தவர்களால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. தரத்துக்கான அளவுகோல் மிகக் குறுகினால் அது பாதுகாப்பையும் பாதிக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இந்தியப் பாதைகளில்

இந்தியாவின் நிலமும் ரயில்களும் இறக்குமதி விதிகளுக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலில் நீராவி எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. கல்லாறுக்கு மேல் 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் அது. மேலே ஏறும் ரயிலின் முகத்தில் தெரிவது பயணிகள் பெட்டியும், அதன் மேடையில் நின்று கொடி காட்டும் பிரேக்ஸ்மேனும்தான். எஞ்சின் முன்னால், பெட்டிகள் பின்னால் என்ற இலக்கணம் இங்கே செல்லாது. பற்சக்கரப் பாதையையும் சரிவையும் காடுகளையும் சேர்த்துக் காட்டாத படம் இந்த எஞ்சினின் வேலையைச் சொல்லத் தவறிவிடும்.

கோவா எல்லையில் உள்ள தூத்சாகர் அருவியில் வெயில் விதி உடைகிறது. அருவி நிறைந்து கொட்டுவது மழைக்காலத்தில், சூரியன் மேகத்துக்குள் இருக்கும்போது. அங்கே ரயில் மலைச்சரிவில் ஒரு கோடாகத்தான் தெரியும். முன்னாலும் பின்னாலும் எஞ்சின்கள் சேர்ந்து உழைத்து ஏறும் அந்த மலைப் பாதையின் கடுமையை, எஞ்சின் சிறிதாக இருப்பதே உணர்த்துகிறது.

சமவெளியில் இன்றைய சவால் மின்கம்பங்கள். அகல ரயில் பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. ஒற்றைப் பாதையில் கம்பங்கள் ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் போகலாம். இரட்டைப் பாதையில் இரண்டு பக்கமும் கம்பங்கள்தான். அவற்றைத் தவிர்க்கப் பார்ப்பதைவிட, வளைவில் வரிசையாகப் போகும் கம்பங்களையே படத்தின் தாளமாக்கிக்கொள்வது நல்லது. எத்தனை நல்ல படமானாலும் தண்டவாளத்துக்குள் இறங்குவதற்கு அது நியாயமாகாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு அத்துமீறி நுழைபவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதை நெருங்கினாலே உயிருக்கு ஆபத்து.

உண்மையும் ஒப்பனையும்

டிஜிட்டல் கேமரா பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. மழையிலும் அந்தியிலும் ஓடும் ரயிலைக் கூர்மையாக எடுக்க முடிகிறது. அதனால் வாதம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. படத்தில் குறுக்கே வரும் கம்பத்தைக் கணினியில் அழிக்கலாமா? வெளிறிய வானத்துக்குப் பதிலாக வேறு வானத்தை ஒட்டலாமா?

இதுவும் புதிய கேள்வியல்ல. லிங்க் 1956-இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில், திறந்தவெளித் திரையரங்கின் திரையில் ஒரு விமானம் பறக்க, பின்னால் ரயில் கடந்து போகும். ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரை வெளுத்துவிட்டதால் விமானக் காட்சியை அவர் பின்னர் சேர்த்தார். அந்த மாற்றம் பலருக்கும் தெரிந்தது என்பதால் படத்தின் மதிப்பு குறையவில்லை. ஒளியையும் மாறுபாட்டையும் சீர்செய்வது படக்கலையின் பகுதி. ஒரு பொருளைச் சேர்ப்பதும் நீக்குவதும் படத்தின் சாட்சியத்தை மாற்றும் செயல், அப்படிச் செய்தால் சொல்லிவிட வேண்டும்.

ஏற்பாடு செய்து ஓட்டப்படும் ரயில்களுக்கும் இதுவே பொருந்தும். சீனாவின் உள்மங்கோலியாவில் ஜிங்பெங் கணவாய் வழியே 2005 டிசம்பர் வரை நீராவி எஞ்சின்கள் அன்றாடச் சரக்கு ரயில்களை இழுத்தன. இன்று பல நாடுகளில் ஆர்வலர்கள் பணம் திரட்டி, பழைய எஞ்சினைப் பழைய பெட்டிகளோடு ஓட்டச் செய்து படம் எடுக்கிறார்கள். அந்தப் பணம் எஞ்சின்களைப் பராமரிக்க உதவுகிறது. ஆனால் அந்தப் படம் ஒரு மறுநடிப்பின் பதிவு. அன்றாட ஓட்டத்தின் பதிவாக அதை முன்வைக்கக் கூடாது.

தரத்தை எப்படி எடைபோடுவது

ஆவணப் படமும் காட்சிப் படமும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. இது எந்த எஞ்சின் என்று கேட்டால் முதலாவதுதான் பதில் தரும். இந்த எஞ்சின் எங்கே, யாருக்காக, எப்படி உழைத்தது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் நாட வேண்டும். ஒன்றின் அளவுகோலை மற்றதன் மேல் வைத்துத் தீர்ப்புச் சொல்வதால்தான் இத்தனை ஆண்டுகளாக வாதம் முடியாமல் இருக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான சோதனைகள் சில உண்டு. படத்தின் கூர்மையும் கலங்கலும் வேண்டுமென்றே தேர்ந்தவையா, கைதவறி வந்தவையா என்று பார்க்க வேண்டும். ஒளி எஞ்சினின் உருவத்தைத் துலக்குகிறதா, அல்லது ஒரு மனநிலையை உருவாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் செய்யாத ஒளி வீண். இடத்தை மாற்றினாலும் படம் மாறாது என்றால் பின்புலம் வேலை செய்யவில்லை. தேதி, இடம், எஞ்சின் வகை, எண் ஆகியவை படத்தோடு குறித்துவைக்கப்பட்டிருக்க வேண்டும். மூடுபனியில் எண் மறைந்த காட்சிப் படத்தையும் இந்தக் குறிப்பு ஆவணமாக்கிவிடும். கடைசியாக, படம் எடுக்கப்பட்ட விதத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முக்கால் கோணமும் வெயிலும் கற்றுக்கொள்பவருக்கு இன்றும் நல்ல ஆசிரியர்கள். எஞ்சினைக் கூர்ந்து பார்க்க அவை பழக்குகின்றன. அந்தப் பயிற்சி கைவந்தபின், எதிரே நிற்கும் எஞ்சின் எந்தக் கோணத்தைக் கேட்கிறது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு படம் எடுப்பவருடையது. படத்தின் தரத்தை முடிவு செய்வதும் அந்தத் தேர்வுதான்.